ஓட்டுக்குள் குடிபோனவள்

என் வீட்டுக்காரி ஆமைக்குள் குடிபோனது ஒரு செவ்வாய்க்கிழமை, சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சு மலிந்து கிடந்த கோடையில். எப்படிப் போனாள் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: குனிந்து போனாள். வாசல் தாழ்ந்த கோயிலுக்குள் நுழைவது எப்படியோ அப்படி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையை முதலில் விட்டு, தோளை ஒருக்களித்து, கடைசியில் இடது காலைத் தரையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து மண்ணைத் தட்டிவிட்டு, ஆமையின் கழுத்து வெளியே வருகிற சந்து வழியாக உள்ளே போய்விட்டாள். இதற்கு மேல் அதில் விவரம் ஒன்றும் கிடையாது.

ஆமை ஒரு பணியாரம் பருமன் இருக்கும். வைப்பாற்றுக் கரையில் சாரணைக் கீரை பறிக்கப் போனவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். முதுகு முழுக்க மஞ்சள் கோடு, யாரோ பொறுமையாக உட்கார்ந்து கோலம் போட்ட மாதிரி. பணியாரம் என்றே பேர் வைத்தாள். நான் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன். வண்டியை எடு, எடு என்று விசில் ஊதி ஊதியே ரிட்டயர் ஆனவன். எனக்கு ஆமை ஆகாது. எங்கள் நந்தவனத் தெருவுக்கும் ஆகாது; வீட்டுக்குள் ஆமை புகுவதைவிட போலீஸ் புகுவது மேல் என்று நினைக்கிற தெரு.

தூக்கி வெளியே போடு என்றேன். பாவம் என்றாள். இது யார் வீடு தெரியுமா என்றேன். எங்கள் தெருவில் எந்த ஆம்பளையும் வாரத்துக்கு ரெண்டு தடவை கேட்கிற கேள்விதான், இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. இவள் சொன்னாள். "உங்க வீடுதான். நீங்களே இருங்க." சொல்லிவிட்டு ஆமைப் பக்கம் திரும்பி, "ஏத்தா, ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டாள். அது தலையை உள்ளே இழுத்து வழி விட்டது.

"ஏய், அடுப்புல பால் இருக்கு" என்றேன்.

"இறக்கி வைங்க" என்று ஓட்டுக்குள்ளேயிருந்து பதில் வந்தது.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

அக்கா வீட்டுக்குக் கழுகுமலை போயிருக்கிறாள் என்று தெருவில் சொல்லிவிட்டு ஆமையை அலுமினியச் சட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பக்கத்து வீட்டுப் பவுன்தாய்க்குக் காது நீளம். தோசை மாவு கடன் கேட்டு வந்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணாச்சி, கட்டிலுக்கு அடியில மதினி சத்தம் கேக்கு."

"ரேடியோ."

"ரேடியோ என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடுது அண்ணாச்சி. மாவு சின்னச் சட்டியில இருக்கு, எடுத்துக்கோங்குது."

அவ்வளவுதான். அன்று பொழுது சாய்வதற்குள் தெருவில் இருந்த பொம்பளைகள் எல்லாம் என் வீட்டுக்குள் வந்து, கட்டிலுக்கு அடியில் வரிசையாகத் தலையை விட்டு, மதினி உள்ளே காற்று வருதா, மதினி படுத்தால் கால் நீட்ட முடியுதா, மதினி அடுப்பு உண்டா என்று கேட்க, அவளும் காற்று வருது, கால் நீட்டலாம், அடுப்பு இல்லை, அதுதான் நிம்மதி என்று பதில் சொல்ல, கடைசிப் பதிலைக் கேட்டு ஒருத்தி பெருமூச்சு விட, அந்தப் பெருமூச்சு தெருக் கோடி வரைக்கும் போனது.

ஆம்பளைகள் கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். பவுன்தாய் புருஷன் சங்கிலிதான் முன்னால் நின்றான். பெட்டிக்கடை வைத்திருக்கிறான், அதனால் தெருவின் வாய் அவன்தான். கோடாங்கி உடுக்கையை அடித்தான். அம்மன் இறங்கத் தாமதமானது. டீ வாங்கிக் கொடுத்ததும் இறங்கினாள். இறங்கி, ஆமை இருப்பது குற்றமில்லை, புகுவதுதான் குற்றம் என்றாள். ஒரு தடவை புகுந்தது புகுந்ததுதான், அதற்கு ஒரு சேவலோடு சரி. ஆனால் வெளியே போய்த் திரும்ப வந்தால் அது புதுசாகப் புகுந்த கணக்கு, அது தெருவுக்கே ஆகாது. ஆகையால் ஆமை வாசப்படி தாண்டக் கூடாது. எல்லாருக்கும் திருப்தி. கோடாங்கிக்குச் சேவல்.

அதற்குப் பிறகு தெருவுக்கு அது பழகிவிட்டது. எல்லாம் பழகும். மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி, அதனால் கூட்டம் என் கட்டிலுக்கு அடியில் நடந்தது, பொம்பளைகள் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு தீர்மானம் போட்டார்கள். ரேஷன் கடைக்காரன் கைரேகை இல்லாமல் அரிசி இல்லை என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தான், ஆமையின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் நீண்டு அமுக்கிவிட்டு உள்ளே போனது, அவனும் கால் ரேகை கூடாது கை ரேகைதான் வேண்டும் என்று ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துவிட்டுப் போனான். திருப்பூரிலிருந்து மகன் போன் பண்ணினான். அம்மா எங்கே என்றான். ஆமைக்குள்ளே என்றேன். கொஞ்சம் யோசித்தான். "சரிப்பா, அங்க சிக்னல் கிடைக்குமா?" என்றான். என் ரத்தம் அப்படித்தான் இருக்கும்.

ஆமைக்குத் தீனி வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. என்ன வைப்பது? சாத்தூரில் பிறந்தவனுக்கு இதில் யோசனையே கிடையாது. கூடைக்காரியிடம் முத்தாத பிஞ்சாகப் பொறுக்கி வாங்கி, தோலைச் சீவி, வட்டம் வட்டமாக நறுக்கி வைத்தேன். ரயிலில் போகிறவன் இறங்கி வாங்கித் தின்கிற பிஞ்சு. ஆமைக்கு என்ன கேடு. அதுவும் மொறுமொறு என்று தின்றது. காலையில் வெள்ளரி, மத்தியானம் வெள்ளரி, சாயங்காலம் வெள்ளரி. கட்டிலுக்கு அடியில் இருட்டு, குளிர்ச்சி. சொகுசு என்று நினைத்தேன்.

ஆடி பிறந்ததும் உள்ளேயிருந்து ஒரு புகார் வந்தது. "இந்தாங்க, கூரை தொய்யுது."

ஆமையை எடுத்து முதுகைப் பெருவிரலால் அமுக்கினேன். பேக்கரி பன் மாதிரி அமுங்கியது. விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. உள்ளே "ஐயோ தலை" என்றாள்.

அன்றைக்கு நல்ல வேளையாகச் சங்கிலியின் ஆட்டுக்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்திருந்தாள். மெர்லின் என்று பேர், சின்ன வயசு, யாரிடமும் பயமில்லை. கூட்டிவந்து காட்டினேன். ஆமையைத் திருப்பி, அடி வயிற்றை அமுக்கி, வாயைத் திறந்து பார்த்தாள்.

"என்ன சார் குடுக்கறீங்க?"

"வெள்ளரிப் பிஞ்சு. முதல் தரம்."

"வேற?"

"சாத்தூர்ல வேற என்ன வேணும்?"

"ஊர்ப் பெருமையை ரயிலடியோட வச்சுக்கங்க சார். அது வெறும் தண்ணி. சத்து எங்கே இருக்கு அதுல? வெயில்ல விடறீங்களா?"

"வாசப்படி தாண்டக் கூடாதுன்னு அம்மன் சொல்லியிருக்கா."

"அம்மனுக்கு ஓடு கிடையாது சார். இதுக்கு ஓடுங்கிறது எலும்பு. வெயில் படாம எலும்பு எப்படி இறுகும்? இப்படியே விட்டா மழைக்காலம் தாங்காது. அமுங்கி, உள்ளே மூச்சு நின்னுபோகும்."

"உள்ளே ஆள் இருக்கு" என்றேன்.

காதை வைத்துக் கேட்டாள். "அம்மா, வெளிய வந்துடலாமே?"

"கூரை தொய்ஞ்சா கூரையத்தாம்மா சரி பண்ணணும்" என்றாள் என் வீட்டுக்காரி. "வீட்டை விட்டா ஓடுவாங்க?"

"ஏய், வெளிய வந்து தொலை. நசுங்கிச் சாவே."

"சாகுறேன்."

டாக்டரம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். இது நட்சத்திர ஆமை, வீட்டில் வைப்பதே சட்டப்படி குற்றம், வனத்துறையில் சொல்லத்தான் போகிறேன், ஆனால் இந்த ஓட்டோடு காட்டில் விட்டால் நாலாம் நாள் காக்காய் கொத்திவிடும், ஓடு இறுகுகிற வரைக்கும் உங்கள் பொறுப்பு, இறுகியதும் காட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆக, நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அவள் காட்டுக்குப் போவாள். பார்க்காவிட்டால் நசுங்குவாள். வெளியேயும் வரமாட்டாள். நல்ல கணக்கு.

வெள்ளரியை நிறுத்தினேன். முருங்கைக் கீரை, சாரணை, செம்பருத்தி இலை, பூ. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேரட்டும் என்று நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை வாங்கி, அம்மியில் வைத்துப் பொடித்து, கீரை மேல் தூவினேன். காலையில் தாம்பாளத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, கழுத்துக்குக் கீழே நிற்கும்படி ஆமையை உட்காரவைத்தேன். அது தண்ணீரைக் குடிக்கும், அதிலேயே கழிக்கும், பிறகு அதையே குடிக்கப் பார்க்கும். உள்ளேயிருந்து இவள் தண்ணீர் சூடு பத்தாது என்பாள், விளாவினால் அதிகம் என்பாள். ஒரு முருங்கை இலையை ஆமை தின்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் பார்க்கும். பிறகு யோசிக்கும். பக்கத்தில் போய் வாயைத் திறக்கும், இலைக்கு இந்தப் பக்கம் காற்றைக் கடிக்கும், மறுபடி யோசிக்கும். அந்த நேரத்தில் நான் மதுரை வண்டி, விளாத்திகுளம் வண்டி, கோயில்பட்டி வண்டி மூன்றையும் அனுப்பியிருப்பேன். வாய்வரை வந்த விசிலை முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெயிலுக்குத்தான் வழியில்லை. பின்கட்டு கிடையாது, மேலே ஆஸ்பெஸ்டாஸ். வாசலில் வைத்தால் சங்கிலி சண்டைக்கு வருவான். பவுன்தாய்தான் அம்மன் சட்டத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணாச்சி, வாசப்படி வழியா வந்தாத்தான் புகுந்தது. ஜன்னல் வழியா நான் குடுத்து நீங்க வாங்கிக்கிட்டா, அது வாங்கினதுதான? மாவு குடுக்கல, வாங்கல?"

கோடாங்கியிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அம்மன் இந்தத் தடவை உடனே இறங்கினாள், அவளுக்கும் அலுத்திருக்கும். சரி என்றுவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் ஜன்னல் கம்பி வழியாக ஆமையை நீட்ட, பவுன்தாய் தெருவில் நின்று வாங்கிக்கொள்ள, நான் வாசலைச் சுற்றி வந்து அவளிடமிருந்து மறுபடி வாங்கி வெயிலில் விட, பாதி வெயில் பாதி நிழல் வருகிற மாதிரி மடக்கு நாற்காலியைப் போட்டுக் குடையோடு உட்கார்ந்து காக்காய் விரட்ட, வெயில் ஏறியதும் அதே வழியில் எல்லாம் திரும்ப நடக்க, ஜனங்கள் அதைப் பார்த்துக் கடிகாரம் திருத்தினார்கள்.

பஜனைக் குழு ஒருநாள் வந்து, இது பெருமாள் எடுத்த அவதாரம், முதுகில் மலையையே தாங்கியவர் என்று சொல்லி ஓட்டில் நாமம் போட்டுவிட்டுப் போனது. ஈரத்துணியால் அழித்தேன், ஓட்டில் வெயில் பட வேண்டும். பெருமாள் தாங்கியது மலை. இது என் பெண்டாட்டியைத் தாங்குகிறது. எது கனம் என்று எனக்குத் தெரியும்.

தெருவில் வைத்ததால் பேச்சுக்குக் குறைவில்லை. பொம்பளைகள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஆமை பக்கத்தில் குத்தவைத்தார்கள். உள்ளே என்ன செய்கிறாய் மதினி? தூங்குகிறேன். அப்புறம்? முழித்துவிட்டு மறுபடி தூங்குகிறேன். யாரும் எழுப்பமாட்டார்களா? எழுப்பினால் ஆமை கதவைச் சாத்திவிடும். இதைக் கேட்டு மூன்று பேர் வைப்பாற்றுக்கே போய்ச் செடி செடியாக விலக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி நத்தையைக் கொண்டுவந்து, இதில் முடியுமா என்று கேட்டாள். உன் உடம்புக்கு முடியாது என்று இவள் உள்ளேயிருந்தே சொன்னாள்.

அன்று சாயங்காலம் சங்கிலி தலைமையில் ஆம்பளைகள் வந்தார்கள். முகமெல்லாம் சோறு காணாத முகம்.

"அண்ணாச்சி, வீட்டுல ஒரு வார்த்தை சத்தமாப் பேச முடியல. வீட்டுக்காரி எனக்கும் ஆமை வாங்கிக் குடுங்கங்கா."

"ஆத்துல தேடச் சொல்லு."

"விளையாடாதீக. இது காட்டுக்குப் போனா எங்களுக்கு நல்லதுதான். போகட்டும்னு நினைச்சோம். அப்புறம் யோசிச்சேன். உங்க பாடு?" குரலைத் தாழ்த்தினான். "ஓடு இறுகினாத்தான காட்டுக்கு? ரொம்ப இறுக விடாதீக. கொஞ்சம் கீரை, கொஞ்சம் வெள்ளரி. சாகவும் வேண்டாம், இறுகவும் வேண்டாம். இப்படியே கட்டிலுக்கு அடியில வச்சுக்கிட்டா மதினி வீட்டோட இருக்கும்ல?"

தெருவின் வாய் முட்டாள் வாய் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிவந்தேன். சீவினேன். வட்டம் வட்டமாக நறுக்கித் தட்டில் அடுக்கினேன். ஆமை வாசனை பிடித்து, யோசிக்காமல், அதுவரை காணாத வேகத்தில் தட்டைப் பார்த்து வந்தது. ஓட்டை அமுக்கிப் பார்த்தேன். முன்னைப்போல் இல்லை, லேசாகத்தான் கொடுத்தது. இன்னும் ஒரு மாதம். தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் பார்க்கவில்லை.

"என்ன வெள்ளரி வாசனை?" என்றாள் உள்ளேயிருந்து.

"நான் திங்கிறேன்."

"உப்புத் தொட்டுக்கோங்க. வெறும் வயித்துல குளிரும்."

உப்பு எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து, முழுத் தட்டையும் நானே தின்றேன். ஆமைக்குக் கீரை வைத்தேன். அன்றைக்குக் கடல்நுரை கூடுதலாகவே தூவினேன். மேற்கொண்டு யாராவது யோசனை சொல்ல வந்தால் குடையைத் தூக்கினேன்.

ஓடு இறுகியது. டாக்டரம்மா வந்து நகத்தால் தட்டினாள், டக் டக் என்றது. "கல்லு மாதிரி இருக்கு சார். நீங்க பண்ணினதா?" என்றாள். வேறு யார். பின்னாலேயே காக்கிச் சட்டையில் வனக்காவலர் ஒருத்தர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எங்க சட்டம் ஆமையைப் பத்திப் பேசுது. ஓட்டுக்குள்ள இருக்கிறது அதோட குடும்ப விஷயம். நாங்க தலையிட மாட்டோம்."

"நல்ல சட்டம்" என்றாள் என் வீட்டுக்காரி.

ஜன்னல் வழியாகவே கொடுத்தோம். தெருவே நின்றது. பவுன்தாய் மூக்கைச் சிந்தினாள், சங்கிலி கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றான். ஜீப்பில் நானும் ஏறினேன். ஊரைத் தாண்டி, தீப்பெட்டிக் கம்பெனிகளையும் தாண்டி, உடைமுள்ளும் கள்ளியும் புல்லுமாகக் கிடந்த பொட்டல் காட்டில் இறக்கினார்கள். ஆமையைத் தரையில் விட்டேன். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "பாத்துப் போ" என்று வந்தது. "நீங்க பாத்துப் போங்க, முள்ளு" என்றாள். ஆமை ஒரு கள்ளியைப் பார்த்தது, யோசித்தது, போனது.

வீட்டில் சத்தமே இல்லை. இது என் வீடுதான், யாரும் மறுக்கவில்லை. ஐப்பசியில் மூன்று நாள் நல்ல மழை. மூன்று நாளும் ஜன்னலில் பவுன்தாய் தலை. "மதினி நனையாமக் கிடக்கோ என்னமோ." ஓட்டை இறுக்கிவிட்டவன் நானல்லவா, எப்படி நனையும். ஆனாலும் நாலாம் நாள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

மழைக்குப் பொட்டல் காடே பச்சை. ஆமைகள் எல்லாம் வெளியே வந்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று, ரெண்டு இல்லை. கள்ளிக்கு ஒன்று, புதருக்கு ஒன்று, எல்லாம் ஒரே பருமன், எல்லா முதுகிலும் அதே மஞ்சள் கோலம். இதில் என் பணியாரம் எது?

"ஏய்!" என்றேன். அத்தனையும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன.

"இந்தா!" என்றேன். கல் மாதிரிக் கிடந்தன.

கைதட்டினேன். இருமினேன். விசில் அடித்தேன். மதுரை ரோட்டில் போன லாரி ஒன்று நின்று போனது, ஆமை ஒன்றும் அசையவில்லை. குனிந்து ஒவ்வொன்றாய் எடுத்து ஆட்டிப் பார்க்க இடுப்பு விடாது. பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அது எனக்குப் பழக்கமில்லை. வீட்டில் இருந்ததே ரெண்டு பேர்; நான் கத்தினால் அது மற்ற ஆளுக்குத்தான். பேர் எதற்கு? இவ்வளவு வருஷத்தில் அது என் வாயில் வந்ததே இல்லை, கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததைப் படித்ததோடு சரி. சுற்றும் முற்றும் பார்த்தேன். ஆடு மேய்க்கிறவன்கூட இல்லை.

"சீனியம்மா" என்றேன்.

குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.

உடைமுள்ளுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆமை தலையை நீட்டியது.

"யாருங்க?" என்றாள் உள்ளேயிருந்து.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

சொல்ல வேண்டியதாகப் போயிற்று. என் பேரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். டைம்கீப்பராக இருந்தவன் என்றும் சொன்னேன்.

"சரி, இருங்க. வர்றேன்" என்றாள்.

ஆமை என்னைப் பார்த்துத் திரும்பி ஒரு காலை எடுத்து வைத்தது. நடுவில் ஒரு புல்லைப் பார்த்துவிட்டு நின்று யோசித்தது. பத்தடி தூரம் இருக்கும்.

குடையை மடக்கிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.